டோன்னா ஒலிம்பியாவின் வாசனைப் புட்டி

அந்த வார்த்தையை உறையின் மேலேயே அச்சடித்து அனுப்பினார்களே, அந்தப் புண்ணியவான்களை என்னவென்று சொல்வது! உள்ளே கடிதத்தில் எழுதியிருந்தால்கூடப் போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். உறையின் நெற்றியில், தடித்த எழுத்தில், "குடல் புற்றுநோய்த் தடுப்புத் திட்டம்" என்று போட்டிருந்தது. நேப்பிள்ஸ் நகரத்தில் ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரை உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கடிதம். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நகரத்தின் பழைய எலுமிச்சைச் சந்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "அந்தப் பொல்லாதது" என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தி, இரும்பைத் தொட்டுக்கொண்டு சொல்வார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும், கூப்பிட்டால் வந்துவிடும். சந்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் திட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

தபால்காரர் சபாத்தினோ ஒரு கையில் கடிதக் கட்டும், மறு கையில் கண்ணேறு படாமலிருக்கச் சிவப்புக் கொம்புத் தாயத்துமாகத்தான் சந்துக்குள் நுழைந்தார். கடிதத்தை வாங்கிய பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகள் இந்த ஊரில் ஆண்பிள்ளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தொட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதிக் கடிதங்கள் அடுப்பில் எரிந்துவிட்டன.

சந்து முனையில் இருந்த சின்ன மருத்துவ நிலையத்தில் பிரிஜிதா நர்ஸ். வயது ஐம்பத்து நான்கு. அந்தச் சந்திலேயே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே விதவையானவள். சோதனை ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. விரல் நீளத்தில் பச்சை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் புட்டி. மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி. காலையில் கக்கூஸில் குச்சியால் துளி எடுத்து, புட்டிக்குள் விட்டு, மூடிக் கொண்டுவந்து தர வேண்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். எலுமிச்சைச் சந்துக்கு வந்தவை இருநூற்றுப் பதினான்கு புட்டிகள். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தவை பதினொன்று.

"பதினொண்ணா?" என்றார் டாக்டர் லான்செத்தா. நகரத் திட்டத்துக்குப் பொறுப்பான இளைஞர். வடக்கே படித்துவிட்டு வந்தவர். "மேட்டுல இருக்கிற பணக்காரங்க பாதிப் பேருக்கு மேல குடுத்துட்டாங்க, பிரிஜிதாம்மா. உங்க ஆளுங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா?"

"ஆசை இருக்கிறதாலதான் டாக்டர் குடுக்க மாட்டேங்கிறாங்க. கையில அந்தப் புட்டியோட சந்துல ஒருத்தி நடந்தா, வீடு திரும்புறதுக்குள்ள அவளுக்கு 'அது' வந்துடுச்சுன்னு நாலு பேர் அழுது முடிச்சிருப்பாங்க."

டாக்டர் சுவரொட்டி ஒட்டிப் பார்த்தார். மறுநாள் காலை சுவரொட்டி மேல் யாரோ ஒரு பூண்டு மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பிரிஜிதாவுக்கு இருநூற்றுச் சொச்சம் பேரைப் பற்றிய கவலை ஒரு பக்கம். ஒரே ஒருத்தரைப் பற்றிய கவலை மறு பக்கம். இரண்டாவதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அவளுடைய அண்ணன் டோன் அனியெல்லோ. பெரியவர்களை, ஆணானால் 'டோன்', பெண்ணானால் 'டோன்னா' என்று மரியாதையாக அழைப்பது அந்த ஊர் வழக்கம். அவள் குடியிருந்த இரண்டாம் மாடிக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்தாற்போல் அவருடைய எண்ணெய்ப் பலகாரக் கடை. பொரித்த பீட்சா, பொரித்த மாவு உருண்டை, உருளைக்கிழங்கு வறுவல். குரலும் பெரிது, மீசையும் பெரிது, வாய்ச்சவடால் அதைவிடப் பெரிது. வரும் பிப்ரவரியில் அவருக்கு அறுபத்தோரு வயது. அவர்கள் அப்பா அறுபத்தொன்றில்தான் போனார், அந்தப் பொல்லாததில்தான் போனார், குடலில்தான். மே மாதத்தில் அண்ணனின் இடுப்புவாரில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருந்ததைப் பிரிஜிதா பார்த்தாள். ஆகஸ்டில் இரண்டாவது ஓட்டை.

"அண்ணே, இளைச்சுட்டே."

"இந்த வெயில்ல எண்ணெய்ச் சட்டிகிட்ட நீ வந்து நில்லு, நீயும் இளைப்பே."

"அந்தப் புட்டியை மட்டும் குடுத்துடு. எனக்காக."

"பிரிஜிதா! வியாபார நேரத்துல வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு? போ, போ, மேல போ!" என்று இரும்புக் கரண்டியைத் தொட்டுக்கொண்டார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசி ஜெயிக்க முடியாது.

அப்படி இருக்கையில்தான் அதே கட்டடத்து ஐந்தாம் மாடி டோன்னா ஒலிம்பியா ஒருநாள் பிரிஜிதாவைக் கூப்பிட்டார். கையுறை தைத்தே கண்ணும் முதுகும் போனவர். வயது அறுபத்தேழு. முழங்கால் வீங்கியிருந்ததால் நான்கு மாதமாகப் படி இறங்கவில்லை. சந்தில் மாடியில் இருக்கிற எல்லோரையும்போல அவருக்கும் கூடைதான் கால். கயிற்றில் கட்டிய கூடையைப் பலகணியிலிருந்து இறக்கினால் ரொட்டி, பால், மருந்து எல்லாம் ஏறி வரும்.

"இந்தாடி பிரிஜிதா, நான் அதைக் குடுக்கலாம்னு இருக்கேன். என் அக்கா அதுலதான் போனா. பயமாத்தான் இருக்கு, ஆனா படி இறங்க முடியாது. கூடையில இறக்கினா வாங்கிப்பியா?"

"தங்கமா வாங்கிப்பேன்! திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கீழே நிக்கிறேன்."

"யாருக்கும் தெரியக் கூடாது."

"மாதா மேல சத்தியமா தெரியாது."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. டாக்டர் லான்செத்தா ஏதோ பட்டியலைக் கேட்டு நிலையத்திலேயே கால் மணி நேரம் பிடித்துவைத்துவிட்டார். டோன்னா ஒலிம்பியாவோ மாதாகோவில் மணி எட்டு அடித்ததும் கூடையை இறக்கிவிட்டார். வெட்கம் பாருங்கள், புட்டியை வெள்ளிக் காகிதத்தில் சுற்றி, மேலே தன் கையால் பின்னிய பூவேலைத் துணியைப் போட்டு மூடியிருந்தார்.

அந்தத் துணி டோன் அனியெல்லோவுக்கு நன்றாகத் தெரிந்த துணி. டோன்னா ஒலிம்பியாவின் தங்கை மகள் ஒரு வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தாள். மாதிரிக்காகக் கொடுக்கும் சின்னச் சின்னப் புட்டிகளைப் பெரியம்மாவுக்குக் கொண்டுவந்து தருவாள். டோன்னா ஒலிம்பியா அவற்றில் ஒன்றிரண்டை இதே துணியில் மூடி டோன் அனியெல்லோவுக்கு இறக்குவார். அவர் பதிலுக்குச் சூடாக நாலு மாவு உருண்டை போட்டு அனுப்புவார். கீழே வந்த கூடை காலியாக மேலே போகக் கூடாது. அது சந்தின் சட்டம். போப்பாண்டவரே சொன்னாலும் மாற்ற முடியாத சட்டம்.

"ஆகா, டோன்னா ஒலிம்பியா! விடிஞ்சதும் என் நினைப்புதானா!" என்று கடைமுன் நின்ற ஏழெட்டு வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தார் டோன் அனியெல்லோ. நாலு உருண்டையைக் கூடையில் போட்டார், புட்டியை எடுத்துக்கொண்டார், கயிற்றை ஆட்டினார். கூடை மேலே போயிற்று. மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. புட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் படிக்கவில்லை. வெள்ளிக் காகிதத்தைப் பிரித்து, பச்சை மூடியைத் திருகி, குச்சியை உருவி, கனவான் மாதிரி இடது மணிக்கட்டில் ஒரு தேய், வலது மணிக்கட்டில் ஒரு தேய். அப்புறம்தான் மூக்குக்குக் கொண்டுபோனார்.

மூலையைத் திரும்பி ஓடி வந்த பிரிஜிதா பார்த்தது அந்த முகத்தைத்தான்.

"அண்ணே! அது வாசனை இல்லண்ணே!"

"தெரியுதுடி! இப்பத் தெரியுது!"

அதே நேரம் ஐந்தாம் மாடியிலிருந்து, வாயில் மாவு உருண்டையோடு, டோன்னா ஒலிம்பியாவின் சந்தோஷக் குரல் சந்து முழுக்க இறங்கியது. "பிரிஜிதா! நம்ம கவர்மெண்ட்டைப் போய்த் திட்டினோமே! குடுத்ததுக்குப் பலகாரம் வேற அனுப்பியிருக்காங்களே!"

சந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ரொட்டிக்கடைக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தபால்காரர் சபாத்தினோ கடிதப் பையைக் கட்டிக்கொண்டு அழுதார். டோன் அனியெல்லோ சோடா, எலுமிச்சம்பழம், வினிகர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் செய்தி பக்கத்துச் சந்துக்குப் போய், அங்கிருந்து மீன் சந்தைக்குப் போய், அவருடைய மானம் கப்பலேறிவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது. அதைப் பிரிஜிதா மறுநாள்தான் கவனித்தாள். ரொட்டிக்கடைக்காரி பலகணியைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் ரோசல்பா, நீ வாசனைப் புட்டி இறக்கிட்டியா?" மேலேயிருந்து பதில் வந்தது: "நாளைக்கு இறக்குறேன்! இன்னிக்கு வாசனை வரல!" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் இரும்பைத் தொடவில்லை. யாரும் சிலுவை போடவில்லை. அந்தப் பொல்லாததற்கு இனி பெயர் தேவையில்லை. வாசனைப் புட்டி போதும். சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் எந்தப் பிசாசு வரும்?

பிரிஜிதா டாக்டரிடம் ஓடினாள். "டாக்டர், நிலையத்துல உக்காந்திருந்தா நடக்காது. நான் காலையில எட்டு மணிக்குப் பலகணிக்குக் கீழே நிக்கிறேன். கூடை வரட்டும்."

"பலகணிக்குக் கீழேயா? விதிமுறையில அப்படி இல்லையே..."

"விதிமுறையில பதினொரு பேர்தான் டாக்டர் இருக்காங்க."

 மறுநாள் டாக்டரே குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதன் நாலு கூடை. வியாழன் ஒன்பது. அடுத்த வாரம் டாக்டரும் பிரிஜிதாவும் ஓடி ஓடி வாங்க வேண்டியிருந்தது. ஒருத்தர் புட்டி எண் பதினேழில் முடிகிறது, தரித்திரம் பிடித்த எண் என்று திருப்பிக் கொடுத்தார். வேறு எண் கொடுத்ததும் பூனை மாதிரிப் போய்விட்டார். கூடையைக் காலியாக அனுப்பக் கூடாதே என்று பிரிஜிதா ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் போட்டாள். நவம்பருக்குள் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஏழு பேருக்கு ரத்தம் தெரிந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் தபால்காரர் சபாத்தினோ. குழாய் விட்டுப் பார்த்து, குடலில் மொட்டுப்போல இருந்ததை அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கொடுக்காதவர்களில் சிலர் ஊரிலேயே இல்லை. ஒருவர் கடிதம் வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அடுப்பும் எண்ணெயுமாகக் கண்ணெதிரே நின்றுகொண்டு கொடுக்காதவர் ஒரே ஒருவர்தான்.

"ஊரே என்னைப் பார்த்து மூக்கைப் பிடிச்சுக்குது. நானும் குடுத்தா செத்தேன்! 'இந்தா, உன் வாசனையைக் காட்டு'ம்பானுங்க. முடியாதுன்னா முடியாது." வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. டோன்னா ஒலிம்பியாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். தங்கையோடும் நிறுத்திவிட்டார். இடுப்புவாரில் மூன்றாவது ஓட்டை விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பிரிஜிதா தன் பலகணியிலிருந்து கூடையை இறக்கினாள். கடை மேடைக்கு நேர் மேலே, சரியாக அண்ணன் மூக்குக்கு முன்னால் நிறுத்தினாள். உள்ளே அவர் பெயர் எழுதிய காலிப் புட்டி. டோன் அனியெல்லோ நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையைத் தள்ளிவிட்டார், அது ஆடி ஆடி மறுபடி மூக்குக்கே வந்தது. கடைசியில் ஒரு பொரித்த பீட்சாவை அதில் வைத்தார். அவள் மேலே இழுத்தாள், தின்றாள், மறுபடி இறக்கினாள். புட்டி அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். புதன்கிழமை கொத்துமல்லிக் கட்டு. வியாழக்கிழமை கோபம் தலைக்கேறித் தன் பழைய செருப்பைக் கழற்றி வைத்தார். சந்தே சிரித்தது. ஆனால் பிரிஜிதாவுக்கு ஒன்று தெரிந்தது. எவ்வளவு கோபம் வந்தாலும் தங்கையின் கூடையைக் காலியாக அனுப்ப அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. பாழும் செருப்பைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு பாட்டம் அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானம் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். கூடை வழக்கம்போல இறங்கியது. அப்புறம் எதிர்வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து ரோசல்பாவின் கூடை இறங்கியது. கடைக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்தது ரொட்டிக்கடைக்காரியின் மாமியார் கூடை. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாலாம் மாடி, முதல் மாடி. யாரும் பிரிஜிதாவிடம் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. நாற்பது கூடைகள், நாற்பது கயிறுகள். கடைக்கு நெருக்கமாக இருந்தவை கடை முன்னாலும், தள்ளி இருந்தவை அந்தந்த வீட்டுக்குக் கீழேயும் அந்தரத்தில் தொங்கின. கடைசியாக ஐந்தாம் மாடியிலிருந்து, பூவேலைத் துணி போட்டு டோன்னா ஒலிம்பியாவின் கூடை வந்து நின்றது. எல்லாக் கூடையும் காலி. ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லை. ஒருத்தரும் பேசவில்லை. நேப்பிள்ஸில் நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் வாய் மூடி நின்றதை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

டோன் அனியெல்லோ கரண்டியைக் கீழே போட்டார்.

"என்னடி இது? என்னைச் சாகடிக்கப் பாக்குறீங்களா?"

"சாகாம இருக்கப் பாக்குறோம்," என்றாள் பிரிஜிதா மேலேயிருந்து.

"அப்பா நல்லாத்தானே இருந்தாரு!" அந்தப் பெரிய குரல் உடைந்துபோயிற்று. "மருத்துவமனைக் காகிதம் வர்ற வரைக்கும் பாடிட்டே பொரிச்சுட்டு இருந்தாரு! காகிதம் வந்து மூணே மாசம்! அந்தக் காகிதம்தான்டி கொன்னுச்சு! எனக்கு அது வேணாம். எனக்கு... எனக்குப் பயமா இருக்குடி."

அறுபது வயது மனிதர், மீசையும் கையுமாக, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று அழுதார். யாரும் சிரிக்கவில்லை.

"காகிதம் கொல்லலண்ணே," என்றாள் பிரிஜிதா. அவளுக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அவர் ரெண்டு வருஷமா ரத்தத்தைப் பார்த்துட்டு நம்மகிட்ட மறைச்சாரு. வெட்கப்பட்டாரு. அந்த ரெண்டு வருஷம்தான் கொன்னுச்சு. அப்ப எனக்குக் கேக்கத் தெரியல. இப்பத் தெரியும். நீ குடுக்கிற வரைக்கும் கூடையை எடுக்க மாட்டேன். வயசாகி என் கையே உதிர்ந்தாலும் எடுக்க மாட்டேன்."

சபாத்தினோ கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "டோன் அனியெல்லோ, நான் தபால்காரன். என் கையால எத்தனையோ கெட்ட காகிதம் குடுத்திருக்கேன். நல்ல காகிதம் ஒண்ணு எனக்கு வந்துச்சு, பாருங்க நிக்கிறேன்."

டோன் அனியெல்லோ முகத்தைத் துண்டில் துடைத்தார். சுற்றிலும் தொங்கிய கூடைகளைப் பார்த்தார். தங்கையின் கூடையிலிருந்து புட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூடையில் நாலு மாவு உருண்டை வைத்தார்.

"எல்லாரும் கூடையை எடுங்கடி! வியாபாரம் கெடுது!" என்றார்.

ஞாயிறு காலை, எட்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை இனிப்பு வாங்கும் தங்கநிற நாடா கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று பிரிஜிதாவின் கூடையில் ஏறியது. உள்ளே பச்சை மூடிப் புட்டி.

ரத்தம் இருந்தது. பதினைந்து நாளில் மருத்துவமனை. இரண்டு மொட்டுகளைக் குழாய் வழியாகவே எடுத்தார்கள். மூன்றாவது கொஞ்சம் பெரிது, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியிருந்தது. நாலு மணி நேரம் பிரிஜிதா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டு, பதில் சொல்லாதவர்களைத் திட்டினாள். அறுவை செய்த டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "முழுசா எடுத்துட்டோம். வேற எங்கேயும் பரவல. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் உங்ககிட்ட இப்படிச் சிரிச்சுட்டுப் பேசியிருக்க மாட்டேன்," என்றார். பிரிஜிதா அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

இதற்கிடையில் நகரமும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் லான்செத்தா மேலிடத்தோடு சண்டை போட்டு உறையையே மாற்றிவிட்டார். புது உறையில் அந்த வார்த்தை இல்லை. பலகணியிலிருந்து இறங்கும் ஒரு கூடைப் படம் மட்டும் இருந்தது. நகரத்தின் பழைய சந்துகளிலெல்லாம் நர்ஸுகள் காலை எட்டு மணிக்குப் பலகணிகளின் கீழே குளிர்பெட்டியோடு நின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் புட்டிக் கணக்கில் எலுமிச்சைச் சந்து மேட்டுப் பணக்காரர்களைத் தோற்கடித்தது. கால்பந்தில் கோப்பை ஜெயித்தாற்போலச் சந்து முழுக்க வெடி வெடித்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் அறுபத்தோராவது பிறந்தநாளன்று, டோன் அனியெல்லோ வீடு திரும்பினார். வாடகைக் கார் சந்துக்குள் வராது. முனையில் இறங்கி, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். டாக்டர் லான்செத்தா பின்னாலேயே வந்தார். சந்துக்குள் நாலடி வைத்ததும் நின்றுவிட்டார்.

நாற்பது கூடைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை எல்லாம் நிறைந்திருந்தன. கோழி ரசம், ஆரஞ்சு, புதுப் பாலாடைக்கட்டி, ஒரு பழைய செருப்பு. செருப்பு பிரிஜிதாவின் கூடையில்.

"பைத்தியக்காரக் கூட்டம்! பைத்தியக்காரக் கூட்டம்!" என்று திட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே ஒவ்வொரு கூடையாகத் தொட்டார்.

கடைசியில் பூவேலைத் துணி போட்ட கூடை மேலேயிருந்து இறங்கி அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. துணிக்குள் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. டோன் அனியெல்லோ ஓர் அடி பின்வாங்கினார்.

"டோன்னா ஒலிம்பியா! இதுல என்ன இருக்கு?"

"திறந்து பாருங்க!"

"நான் மாட்டேன். டாக்டர், நீங்க திறங்க!"

டாக்டர் லான்செத்தா சிரித்தபடி காகிதத்தைப் பிரித்தார். அசல் வாசனைத் திரவியம், மாதிரி இல்லை, கடையில் விற்கிற பெரிய புட்டி. டோன் அனியெல்லோ அதைச் சந்தேகத்தோடு வாங்கி, முதலில் தள்ளி வைத்து மோந்தார். அப்புறம் கிட்டே வைத்து மோந்தார். அப்புறம் மூடியைத் தூர எறிந்துவிட்டு, தன் மணிக்கட்டில், தங்கையின் தலையில், டாக்டரின் கோட்டில், நாற்பது கூடைகளின் மேல், சந்து முழுக்க, புட்டி காலியாகும்வரை தெளித்தார்.

"டோன்னா ஒலிம்பியா! கூடையைக் கொஞ்சம் பிடிச்சுட்டு இருங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினார். பிறகு கடையின் இரும்புக் கதவைத் தூக்கச் சொன்னார், தங்கை வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த அடுப்பை மூட்டினார், நாலு மாவு உருண்டை பொரித்துக் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினார்.